முடிச்சு நிற்காத இருபத்தொரு நாள்

வடக்குமணல்விளையில் முடிச்சுகள் அவிழத் தொடங்கியது சித்திரை கடைசிப் புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. நேரத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த நிமிடத்தில்தான் பிள்ளையார் கோயில் தெருவில் ஏழு மாதக் குழந்தை ஒன்று தொட்டில் சேலையோடு சேர்ந்து மெத்தென்று பாயில் வந்து இறங்கி, அழலாமா சிரிக்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தது. கிணற்றில் பாதி ஏறிய வாளி கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்கே திரும்பிப் போனது. எட்டு ஆடும் மூன்று மாடும் தங்கள் கழுத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டு ஒரே வரிசையாக வாழைத்தோட்டத்தைப் பார்த்து நடந்தன. வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண்களின் கையில் விளக்குமாறு குச்சி குச்சியாகப் பிரிந்து கொட்டியது. டீக்கடை பெஞ்சில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஆள் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள், அரைஞாண் கயிறு கழன்று லுங்கிக்குள் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லவா முடியும்.

அதே நிமிடத்தில், ஊரின் மேற்குக் கடைசியில் தன் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த குட்டியானை வண்டியின் பின்பக்கம், வாழைத்தார் பாரத்தை இழுத்துக் கட்டிவிட்டுக் கயிற்று நுனியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள் பிரம்மசக்தி. அவள் கட்டிய கட்டு சந்தை வரைக்கும் உள்ள அத்தனை வேகத்தடைக்கும் அசையாது. அவிழ்க்க அவளே வர வேண்டும். அந்தக் கட்டு இப்போது அவள் கண் முன்னாலேயே, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிக்கிற மாதிரி, நிதானமாகத் தன்னைத் தானே அவிழ்த்துக்கொண்டது. முப்பத்திரண்டு தாரும் சரிந்து தெருவில் விழுந்தன. அவள் தாரைப் பார்க்கவில்லை. எதிரில் நின்ற சித்தப்பா தங்கப்பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அவிழ்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவரிடம் கேட்டிருந்தாள்.

"நீங்க இப்ப என்ன சொன்னிய?"

"காதுல விழுந்துச்சுல்லா," என்றார் தங்கப்பழம். "எல்லாத்தையும் நீயே செய்யி. பந்தல் உன் பொறுப்பு, சாமான் உன் பொறுப்பு, சமையலுக்கும் நீதான் ஆள் சொல்லியிருக்க. அந்த ஒரு நிமிசம் மட்டும் பின்னால நின்னுக்கிடு. தாலிய நான் எடுத்துக் குடுக்கேன். புருசன் வீட்ல வாழாம வந்தவ கையால எடுத்துக் குடுத்தா மாப்ள வீட்டுக்காரங்க என்ன நினைப்பாவ?"

அவர்கள் வகையறாவில் கல்யாணத்துக்கு ஐயர் கிடையாது. பெண் வீட்டில் முதலில் பிறந்த பிள்ளைதான் மேடையில் நின்று நடத்திவைக்கும். தேங்காய் மேல் வைத்த தாலி சபை முழுக்கச் சுற்றி எல்லார் கையும் பட்டு வந்ததும், தட்டை வாங்கிக்கொண்டு, ஊருக்குச் சம்மதமா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதமா, பெண் வீட்டுக்குச் சம்மதமா என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் சபை 'சம்மதம்' என்று சொன்ன பிறகு, தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, 'கட்டு' என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஒரு முடிச்சு, அவன் கூடப் பிறந்தவள் இரண்டு முடிச்சு. அவ்வளவுதான் கல்யாணம், பிறகு சாப்பாடு. பிரம்மசக்தியின் அப்பா ஐயாக்குட்டி அப்படி நூற்றுக்கு மேல் கல்யாணம் நடத்திவைத்தவர். அவருக்கு இரண்டும் பெண். மூத்தது பிரம்மசக்தி, பதினோரு வருடம் கழித்துப் பொன்சுதா. முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால் அந்தத் தலைமுறையில் அதைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த ஆணுக்குப் போய்விடுவது வகையறா வழக்கம்; ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று யாரும் அதுவரை வாய் திறந்து சொன்னதில்லை, சொல்லத் தேவைப்படவில்லை.

பிரம்மசக்தி கல்யாணமாகிப் பதினோராவது மாதம், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று புருசன் சோற்றுத்தட்டை அவள் முகத்தைப் பார்த்து எறிந்தான். நெற்றியில் இரத்தத்தைத் துடைத்துவிட்டு, அந்தத் தட்டையும் கழுவித் துடைத்து, 'இது எங்கப்பா வாங்கித் தந்தது' என்று பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள் அவள். வந்து சும்மா இருக்கவில்லை. வண்டி ஓட்டப் படித்தாள், தார் ஏற்றினாள், அம்மா செத்தபோது ஆறு வயதாக இருந்த தங்கச்சியைப் படிக்கவைத்தாள், அப்பா படுக்கையில் விழுந்து கண்ணை மூடும் வரை இரண்டு வருடம் பீ மூத்திரம் அள்ளினாள். பொன்சுதாவுக்கு இந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததும் அவள்தான். எல்லாவற்றுக்கும் ஆகிவந்த கை இது. ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஆகாதாம்.

வீட்டு நடையில் சித்தப்பாவுக்குக் காபி கொண்டுவந்த பொன்சுதா நின்றாள். பிரம்மசக்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்லுட்டி, என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, பார்வையில் கேட்டாள். பொன்சுதா டம்ளரைப் பார்த்தபடி, "ஒரு நிமிசந்தானக்கா," என்றாள்.

அப்போதுதான் கயிறு அவிழ்ந்தது.

முதல் இரண்டு நாள் ஊரில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்க யாருக்கு நேரம் இருக்கிறது, காலையில் சட்னி அரைக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், பாவாடை நாடா நிற்காதென்றால் அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும். வழி பார்த்தார்கள். எது முடிச்சு, எது முடிச்சில்லை என்பது ஒரு வாரத்தில் ஊருக்கே மனப்பாடம் ஆனது. ரப்பர் பேண்ட் நிற்கும். ஊக்கு நிற்கும். கம்பியை முறுக்கினால் நிற்கும், கயிற்றைக் கட்டினால் நிற்காது. பாவாடைக்கு எலாஸ்டிக் போட்டார்கள், மாட்டுக்குச் சங்கிலி போட்டார்கள், பூக்காரி பூவைக் கட்டாமல் உழக்கால் அளந்து விற்றாள், பெண்கள் அதை வாங்கி முந்தானையில் கொட்டிக்கொண்டு மணக்க மணக்க நடந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் தொட்டிலை மறந்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக் காலாட்டியே தூங்கவைத்தார்கள், தூங்கிய பிறகு காலை எடுக்க முடியாமல் குழம்பு தீயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். விளக்குமாற்றுக் குச்சியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் திணித்து விற்ற இரும்புக்கடைக்காரருக்கு அந்த வைகாசி மாதிரி ஒரு மாதம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் மட்டும் ஒரு நாள் பிரம்மசக்தியின் வண்டியை மறித்து, குரலைத் தாழ்த்தி, "அவசரப்படாண்டாம் தாயி, கோபத்த ஒரு ஆடி வரைக்கும் வச்சிக்கிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாலிக்கயிறுதான் ஊரை யோசிக்கவைத்தது. பொன் சங்கிலியில் கோத்துக் கொக்கி மாட்டியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் கயிற்றில் போட்டிருந்த அத்தனை பெண்களுக்கும் அந்தப் புதன்கிழமை பத்தே முக்காலுக்குத் தாலி மடியிலும் மாவுப் பாத்திரத்திலும் வயல் சேற்றிலும் விழுந்திருந்தது. முதலில் கதறினார்கள். புருசன்மார் வெளியூரில் வேலையாக இருந்தவர்கள் போன் போட்டு, உயிரோடு இருக்கிறான், பரோட்டா தின்றுகொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொண்டதும் கதறலை நிறுத்தினார்கள். பிறகு சிலர் ஊக்கால் ஜாக்கெட்டோடு குத்திக்கொண்டார்கள். சிலர் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். சித்தப்பா தங்கப்பழத்தின் மனைவி பூங்கனி, இருபத்தாறு வருடத் தாலியை எடுத்து மிளகாய்ப்பொடி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "லேசா இருக்கு," என்றாள். தங்கப்பழத்துக்கு அன்றிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறக்கவே பயம்.

"உங்க வாயாலதான் இது வந்துச்சு," என்றாள் பூங்கனி. "போயி அந்தப் பிள்ளைட்ட தப்புன்னு சொல்லிட்டு வாங்க."

"ஆம்பள போயி பொம்பளப் பிள்ளைட்ட தப்புன்னு சொல்லவா?"

"அப்ப லுங்கியப் புடிச்சிக்கிட்டே இருங்க."

இதற்கெல்லாம் காரணம் யார் என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும். பிரம்மசக்தி கோபமாக இருந்தாள். காலையில் பல் தேய்க்கும்போது கோபமாக இருந்தாள், உப்புமா கிண்டும்போது கோபமாக இருந்தாள், வண்டியில் தாரைக் கயிற்றுக்குப் பதில் வலை போட்டு மூடிக் கொக்கி மாட்டும்போது கோபமாக இருந்தாள், கல்யாணத்துக்கு அண்டா குண்டா ஏற்றும்போதும் பத்திரிகையை வீடு வீடாகக் கொடுக்கும்போதும் கோபமாகவே கொடுத்தாள். வாங்கினவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லாமல், கதவைச் சாத்தினார்கள். கல்யாணத்தை அவள் நிறுத்தவில்லை. எந்த வேலையிலும் ஒரு குறை வைக்கவில்லை. குறை வைத்தால், பார்த்தாயா, பொறாமை என்று சொல்ல நாலு பேர் காத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். பொன்சுதாவோடு பேச்சை மட்டும் தேவைக்குக் குறைத்தாள். சாப்பிடு. குளி. அளவு ஜாக்கெட் குடு. பொன்சுதா பக்கத்தில் வந்து வந்து நின்றாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் போனாள்.

பத்தாம் நாள் காற்று அடித்தது. வருஷா வருஷம் வைகாசியில் அடிக்கிற காற்றுதான். ஆனால் வாழைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டிய கட்டு எல்லாம் அவிழ்ந்து கிடந்ததால், தார் சுமந்த வாழை ஆயிரத்துக்கு மேல் ஒரே மத்தியானத்தில் சாய்ந்தது. கம்பி போட்டவர்களுக்குக் கம்பி தண்டை அறுத்திருந்தது. தாய் வாழை குட்டி வாழையின் மேல் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு ஊர் கோயில் மைதானத்தில் கூடியது. பிரம்மசக்தியும் வந்து ஓரமாக நின்றாள். சாய்ந்ததில் நாற்பது வாழை அவளுடையது.

"கொக்கி வச்ச சங்கிலில தாலிய மாட்டிருவோம்," என்றார் தங்கப்பழம். வீட்டில் தயாராக்கிக்கொண்டு வந்த யோசனை அது. "முடிச்சே வேண்டாம். கல்யாணம் முடிஞ்சா அவ கோபமும் முடிஞ்சிரும்."

மாப்பிள்ளை லிங்கதுரையின் அக்கா சந்தனமாரி பக்கத்து ஊரிலிருந்து அதற்காகவே வந்திருந்தாள். அவள் எழுந்து சேலையை உதறினாள். உதறிய வேகத்தில் ஊக்கு ஒன்று தெறித்தது.

"நல்லாருக்கே நியாயம்! ரெண்டாவது முடிச்சும் மூணாவது முடிச்சும் நான் போடணும். என் தம்பி கல்யாணத்துல எனக்கு இருக்கிறது அந்த ரெண்டு முடிச்சு. கொக்கியப் போட்டு என்னைய கைகட்டி நிக்கச் சொல்லுதியளா? என் உரிமைய நான் விட மாட்டேன்."

சபை அதை ஒத்துக்கொண்டது. உரிமை என்றால் உரிமைதானே, கூடப்பிறந்தவளுக்கு இல்லாமலா. பிரம்மசக்தி அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் நெற்றித் தழும்பு சிவந்து எழும்பியது. மைதானத்து வேப்பமரத்தில் காய்ந்த கொடியில் சிக்கி மிச்சம் இருந்த ஒரே ஒரு வேண்டுதல் துணியும் நழுவி, ஆடி ஆடி இறங்கி, தங்கப்பழத்தின் தோளில் போய் உட்கார்ந்தது.

கூட்டம் கலைகிறபோது அவர் அவளிடம் வந்தார். குரலை மாற்றிக்கொண்டு, "பிரம்மு, இப்படிச் செய்வோமா. மேடைக்குப் பின்னால படுதா கட்டியிருப்போம்லா. நீ அதுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு கைய மட்டும் நீட்டி தாலியத் தொட்டுக் குடு. நான் இந்தப் பக்கம் வாங்கி எடுத்துக் குடுக்கேன். உன் மனசும் ஆறும், பாக்கிறவங்களுக்கும் தெரியாது."

பிரம்மசக்தி சிரித்தாள். அந்தப் பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான், யாருக்கும் பிடிக்கவில்லை.

"கை மட்டும் வேணும், மூஞ்சி வேண்டாம். அப்படித்தானே?" என்றாள். "எங்கப்பா மூணு கேள்வியும் படுதாக்குப் பின்னால நின்னா கேட்டாரு? ஊர் பூரா என் மூஞ்சியப் பாக்க நான் கேக்கணும். இல்லன்னா உங்க கையால நீங்களே குடுங்க. நான் தடுத்தனா? நான் ஒரு வார்த்த சொன்னனா?"

"நீ சொல்லலட்டி. உன் கோபம் சொல்லுதுல்லா."

"கோபத்த அவுத்து வைக்க எனக்குத் தெரியல சித்தப்பா. அது ஒண்ணுதான் இந்த ஊர்ல அவுறாம நிக்கி."

இருபத்தொரு நாள் கழிந்து மறுபடி புதன்கிழமை. முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்தால் ராகுகாலம். ஊர்ப்பொது மண்டபத்தில் ஆணியும் கம்பியும் ஒட்டுத்தாளுமாகப் பந்தல் நின்றது. மாலையைக்கூட ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள், மாப்பிள்ளை கழுத்தில் அது குத்திக்கொண்டே இருந்தது. கல்யாணம் நடக்குமா என்று பார்க்கவே அக்கம்பக்கத்து நாலு ஊரும் வந்துவிட்டதால் இட்லி ஒன்பது மணிக்கே தீர்ந்து, பிரம்மசக்தி வண்டியை எடுத்துக்கொண்டு போய் மாவு வாங்கி வந்து இறக்கினாள். பட்டுச்சேலைதான் கட்டியிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கட்டில் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது மேடையில் சித்தப்பாவின் குரல் மைக்கில் கேட்டது. ஊருக்குச் சம்மதமா. சம்மதம் என்றது ஊர். அவள் கேனைக் கீழே வைத்தாள். எட்டு வயதிலிருந்து அப்பா பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்ட கேள்விகள், அந்த வாயில் எவ்வளவு அவசரமாக வெளியே வருகின்றன.

"கட்டு," என்றார் தங்கப்பழம்.

நாதசுரம் எழும்பியது. லிங்கதுரை கட்டினான். கையை எடுத்தான். தாலி பொன்சுதாவின் மடியில் விழுந்தது.

நாதசுரக்காரர் மூச்சைப் பாதியில் நிறுத்தினார். மறுபடி கட்டினான், மறுபடி மேளம், மறுபடி மடியில். ஐந்தாம் தடவைக்கு மேல் மேளக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். லிங்கதுரை நல்ல பையன், நெற்றி வியர்வை மூக்கில் சொட்டச் சொட்ட ஒன்பது தடவை கட்டினான். சந்தனமாரி அவனைத் தள்ளிவிட்டு, தான் கட்டி, கயிற்றின் இரண்டு நுனியையும் விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "விட்டாத்தானே அவுறும்? நான் விடவே மாட்டேன்."

"அப்ப முதலிரவுக்கும் நீதான் போவணும்," என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு மண்டபத்தையே தூக்கியது. பொன்சுதா மட்டும் தலையைத் தூக்கவில்லை. பதினொன்றரை ஆனது.

தங்கப்பழம் பின்கட்டுக்கு ஓடி வந்தார். ஓடும்போது இடுப்பை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"வா தாயி. வந்து எடுத்துக் குடு."

"மைக்ல கூப்பிடுங்க."

"நான்தான் நேர்ல வந்து கூப்பிடுதேனே!"

"வேண்டாம்னு சொன்னது ஊருக்கே தெரியும். வான்னு சொல்லுததும் தெரியட்டும்."

அவர் போனார். மைக்கில் இரண்டு முறை இருமினார். "எங்க அண்ணன் ஐயாக்குட்டியோட மூத்த பிள்ளை பிரம்மசக்தி, தாலி எடுத்துக் குடுக்க, மேடைக்கு வரவும்," என்றார், திருவிழாவில் காணாமல்போன பிள்ளையை அறிவிக்கிற குரலில். பிரம்மசக்தி முந்தானையை எடுத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பின்வழியாக அல்ல, மண்டபத்தைச் சுற்றி வந்து முன்வாசல் வழியாக நடந்தாள். இரண்டு பக்கமும் ஆட்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பூங்கனி சித்தி வாயில் விரலை வைத்து விசில் அடித்தாள், அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று அவள் புருசனுக்கே அன்றுதான் தெரியும்.

பிரம்மசக்தி தட்டை வாங்கினாள். ஊரைப் பார்த்துக் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துக் கேட்டாள். தன் வகையறாவைப் பார்த்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பெண் வீட்டுக்குச் சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்ற சத்தத்தில் கம்பியில் தொங்கிய மாவிலை ஆடியது. தாலியை எடுத்து லிங்கதுரையின் கையில் கொடுத்து, "கட்டு," என்றாள்.

அவன் கட்டினான். சந்தனமாரி இரண்டாவது முடிச்சைப் போட்டாள், மூன்றாவதைப் போட்டாள், கையை எடுத்தாள்.

தாலி மடியில் விழுந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஊருக்குக் கோபம் வந்தது. கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்றே, மைக்கில் கூப்பிட்டாயிற்றே என்று நாலு பக்கமும் எழுந்தார்கள். "இன்னும் என்னட்டி வேணும் உனக்கு? நாங்க கால்ல விழணுமா?" என்று கத்தினார் தங்கப்பழம். பிரம்மசக்தி காலியான தன் கையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. வேண்டும் என்று நினைத்தது கிடைத்துவிட்டது. அது நெஞ்சில் சோற்றுக்கட்டி மாதிரி இறங்காமல் நிற்கிறது. "நான் ஒண்ணும் செய்யல," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியல."

"நான்தான்," என்றாள் பொன்சுதா.

வீடியோக்காரன் அவள் மாலையில் குத்தியிருந்த சின்ன மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சித்தப்பாவா வந்து சொல்லல. நான்தான் சித்தப்பாட்ட சொல்லச் சொன்னேன். அக்கா கை பட்டா எனக்கும் அக்கா மாதிரி ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு. எம்புட்டு பேரு சொன்னாவ தெரியுமா. கேட்டுக் கேட்டு எனக்கும் பயம் வந்துட்டு. நேரா சொல்ல வாய் வரல." அவள் மடியில் கிடந்த தாலியைக் கையில் எடுத்து மூடிக்கொண்டாள். "இருபத்தோரு நாளா சொல்லணும் சொல்லணும்னு வந்தேன்."

பிரம்மசக்தி தங்கச்சியின் பக்கம் திரும்பினாள். இருபத்தொரு நாளாக ஊர் முழுக்கப் பரவிக் கிடந்த கோபம், மாட்டுக்கயிற்றிலும் தொட்டில் சேலையிலும் வாழை முட்டிலும் அரைஞாணிலும் கண்டவர் கழுத்துக் கயிற்றிலும் புகுந்து அலைந்த கோபம், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாமல் அத்தனை முடிச்சையும் தட்டிப் பார்த்த கோபம், விலாசம் கிடைத்த கடிதம் போல ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தது. வாசல் வழியாக வந்தது, ஜன்னல் வழியாக வந்தது, பந்தியில் விரித்த இலைகளை ஒரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்து, மணமேடையில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெண்ணின் மேல் போய் நின்றது. ஊர்க்காரர்களுக்கு உடம்பு லேசானது. பொன்சுதாவுக்குத் தோள் இறங்கியது. அறையப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சந்தனமாரி கையை நீட்டித் தடுக்கவே வந்துவிட்டாள்.

"மூணு கேள்வி எங்கப்பா கேட்டது," என்றாள் பிரம்மசக்தி. "நாலாவது நான் கேக்கேன். என்னையப் பாத்து சொல்லு. யாரு எடுத்துக் குடுக்கணும்?"

"நீதான்க்கா."

"எதுக்கு? முடிச்சு நிக்கணும்னா?"

பொன்சுதா அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். மை வழிந்து கன்னத்துக்கு வந்திருந்தது.

"நிக்காட்டியும் நீதான் குடுக்கணும். அவுந்து விழுந்தா விழட்டும். நான் கையில புடிச்சிக்கிட்டே அவரு வீட்டுக்குப் போறேன்."

மண்டபத்துக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு நாலு நிமிடம். பிரம்மசக்தி தங்கச்சியின் கையைப் பிரித்துத் தாலியை வாங்கினாள். லிங்கதுரையிடம் கொடுத்தாள். "கட்டு!" என்றாள். ஆசீர்வாதம் மாதிரியே இல்லை, கொல்லையில் மேய்கிற மாட்டை விரட்டுகிற மாதிரி இருந்தது. லிங்கதுரை பயந்துபோய் ஒரே இழுப்பில் முடிச்சைப் போட்டான். சந்தனமாரி இரண்டைப் போட்டாள். கையை எடுத்தார்கள். எல்லாரும் பொன்சுதாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றது. பன்னிரண்டு அடித்தது, அப்போதும் நின்றது. மேளக்காரருக்கு அடிக்க வேண்டும் என்று பூங்கனி சித்திதான் ஞாபகப்படுத்தினாள்.

காலில் விழுந்த தங்கச்சிக்குத் திருநீறு பூசிவிட்டு, "இன்னும் கோபமாத்தான் இருக்கேன். எந்திரி," என்றாள் பிரம்மசக்தி. பிறகு முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டு முறை வாங்கி, பாயசத்தைச் சுரண்டிச் சாப்பிட்டாள். சாயங்காலம் ஊரில் தொட்டில்கள் ஏறின. மாடுகள் சங்கிலியிலிருந்து கயிற்றுக்கு மாறின. தாலியை எடுத்துக் கட்டிக்கொண்டவர்கள் அன்றே கட்டிக்கொண்டார்கள். பூங்கனிக்கு மட்டும் தங்கப்பழம் மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று பேர் அது எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஊரும் தேடச் சொல்லி வற்புறுத்தவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பொன்சுதாவின் தலைமுடி பின்னல் நிற்பதை விட்டுவிட்டது. பின்னல் முடிச்சில் சேராது என்று ஊர் முடிவு செய்திருந்தும், அவளுக்கு மட்டும் அது நிற்கவில்லை. மாமியார் பின்னிப் பார்த்தாள், சந்தனமாரி பின்னிப் பார்த்தாள், ரப்பர் பேண்ட் போட்டார்கள், கிளிப் போட்டார்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு கீழே விழும், முடி விரிந்து இடுப்புக்கு வரும். அடுப்படியில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். புகுந்த வீட்டில் முதல் மாதம் முறைத்தார்கள், அடுத்த மாதம் பழகிக்கொண்டார்கள், சோற்றில் முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்சுதா அக்கா வீட்டுக்கு வருவாள். பிரம்மசக்தி வா என்றும் சொல்ல மாட்டாள், ஏன் வந்தாய் என்றும் கேட்க மாட்டாள். சாப்பாடு போடுவாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தோடு நடையில் வந்து உட்கார்ந்து, "திரும்பு," என்பாள். சிக்கெடுப்பாள், வலிக்க வலிக்கச் சிக்கெடுப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் இழுத்து இறுக்கிப் பின்னி அனுப்புவாள். முதல் மாதம் பின்னல் வாசற்படி தாண்டவில்லை. மூன்றாம் மாதம் டீக்கடை வரை போனது. தீபாவளிக்கு வந்தபோது பஸ் நிறுத்தம் வரை நின்று, பஸ் படியில் காலை வைத்தபோது அவிழ்ந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போய் அரை மணி நேரம் கழித்து, பிரம்மசக்தி தார் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, ஆத்துப்பாலம் தாண்டிட்டேன். இன்னும் அவுறல."

பிரம்மசக்தி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பாரத்தின் மேல் கயிற்றை வீசினாள்.

"சரி. சன்னலோரம் உக்காராத, காத்து அடிக்கும்," என்றாள். "போன வையி. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."